மணல் கணக்கு: வடசென்னையைக் கொண்டாடுவது பற்றிச் சில குறிப்புகள்

1

கொண்டாடுவது என்பது தெரிந்தெடுப்பது. ஒரு நகரம் எதைக் கொண்டாடுகிறது என்று பார்ப்பதைக் காட்டிலும், எதை விட்டுவிட்டுக் கொண்டாடுகிறது என்று பார்த்தால் அதன் மனசு சீக்கிரம் பிடிபட்டுவிடும். 1639 ஆகஸ்ட் 22ஐப் பிறந்தநாளாக வைத்து, 2004 முதல் ஆண்டுதோறும் சென்னைக்கு விழா எடுக்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றுக்கொண்ட தேதி அது. தேவாரம் பாடிய மூவரும் திருவொற்றியூரைப் பாடியிருக்கிறார்கள். அப்படியானால் கம்பெனி வந்து இறங்குவதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, கோயில் இருந்தது, கடல்மேல் போனவர்கள் இருந்தார்கள். ஒரு நிலப் பத்திரத்தின் தேதியை ஒரு மக்கள் கூட்டத்தின் பிறந்த தேதியாக ஒப்புக்கொள்வதில் ஒரு கருத்தியல் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் ‘பாரம்பரியம்’ என்ற சொல்லுக்குள் நுழைய முடியாது.

அப்படி ஒரு விழா நாளில் நண்பர்கள் சிலரோடு ராயபுரம் ரயில் நிலையத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தூண்களையும் வளைவுகளையும் அண்ணாந்து பார்த்து ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவராம், என்னைக் கூப்பிட்டார். “இன்னா தம்பி எய்தினு கீற?” சொன்னேன். “ஸ்டேசன் நல்லாத்தான் கட்டினான். எங்க கடக்கரைய எவன் எட்த்துனு பூட்டான்னு எய்தி வெச்சிக்கினியா?”

எழுதி வைத்திருக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலதாமதமாக எழுதும் பதில்தான்.

2

ராயபுரம் நிலையத்தின் பெருமை உண்மையான பெருமைதான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை போனது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் முதல் நிலையங்களின் மூலக் கட்டடங்கள் மறைந்துவிட்டன, இது நிற்கிறது. சென்ட்ரல் 1873இல் வரும்வரை பட்டணத்துக்கு இதுதான் வாசல். ஆனால், ஏன் ராயபுரம்? கறுப்பர் நகரம் என்று வெள்ளையர் பெயர் வைத்திருந்த வியாபாரப் பகுதி கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதற்கு அப்பால் கடல். உள்நாட்டுச் சரக்கு கடலுக்குப் போகவும் கடல்வழி வந்த சீமைச் சரக்கு உள்நாட்டுக்குப் போகவும் போடப்பட்ட பாதை அது. (அந்தக் கறுப்பர் நகரம்தான் 1911இல் ஜார்ஜ் டவுன் ஆனது. பெயர் மாற்றினால் நிறம் மாறிவிடும் என்று நினைத்திருக்கலாம்.)

அந்தக் கடலில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலாப் படகில். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு அலையில் விறைத்து நின்று உடையும். தைத்த படகு அலையோடு வளைந்து கொடுக்கும். சீமையிலிருந்து வந்த கவர்னராயினும் பாதிரியாராயினும் கடைசி ஒரு மைல் தூரத்துக்கு இந்தப் படகோட்டிகளின் கையில்தான் உயிரை ஒப்படைக்க வேண்டும். கட்டுமரம் என்ற தமிழ்ச்சொல் ஆங்கில அகராதிக்குள் ஏறியதும் இந்தக் கரைகளிலிருந்துதான். படகோட்டிகளுக்குக் கையில் காசும் இருந்தது, சங்கமாகச் சேர்ந்து செய்யும் பலமும் இருந்தது. 1829இல் அவர்கள் கட்டியெழுப்பிய புனித ராயப்பர் கோயில் இன்றும் இருக்கிறது. ராயப்பர் என்கிற பேதுருவால்தான் ராயபுரம் என்ற பெயரே வந்தது என்று சொல்வார்கள். பேதுருவும் மீன்பிடித்தவர்தானே.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டினாற்போல் சுவர் எழுப்பினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அந்தச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டினார்கள். கிழக்கே பார்த்திருந்த வாசலை மூடி வடகிழக்கே புது வாசல் வைத்தார்கள். பொறியியல் வரலாற்றில் இது ஒரு சாதனைக் கதை. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே இழுத்து வரும். ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்தின் குறுக்கே சுவர் வைத்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே போக வேண்டிய மணல் போகாது. அலை மட்டும் போகும். மணல் வராத கரையை அலை தின்னும். நடந்தது இதுதான். ஒரு காலத்தில் கோட்டைச் சுவரை ஒட்டி அடித்த கடல் பின்வாங்கி, தெற்கே அகலமான மணல்வெளி உண்டானது. அதற்குப் பக்கத்தில் சாலை போட்டு 1884இல் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் ‘மெரினா’ என்று பெயர் சூட்டினார். வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. பல தலைமுறைகளாகக் கருங்கல் கொட்டிக் கடலைத் தடுத்துக்கொண்டிருக்கிறோம். வலை உலர்த்திய இடம், படகு ஏற்றிய இடம், பிணம் புதைத்த இடம், தெருக்கள், வீடுகள் எல்லாம் தண்ணீருக்குள் இருக்கின்றன.

ஆக, பெரியவரின் கேள்விக்கு முதல் பதில் இது: உங்கள் கடற்கரை மெரினாவில் இருக்கிறது. நகரம் சுண்டல் தின்று காற்று வாங்கி, தன் அழகுக்கு அடையாளமாகப் படம் எடுத்து மாட்டிக்கொள்கிற மணல், வடக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டிய மணல். தென்சென்னையின் அழகும் வடசென்னையின் சிதைவும் இரண்டு தனித்தனிக் கதைகள் இல்லை. ஒரே சுவரின் இரண்டு பக்கங்கள். ‘வளர்ந்த பகுதி, பின்தங்கிய பகுதி’ என்று பொதுப்புத்தி பிரித்து வைத்திருப்பதை இந்த ஒரு உண்மையே குலைத்துப் போடும். வடசென்னை பின்தங்கவில்லை, அதனிடமிருந்து எடுக்கப்பட்டது.

3

தொழிலைக் கொண்டாடும் பேச்சுக்கு வருவோம். இந்தப் பட்டியல் நமக்கு மனப்பாடம். ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காக 1948இல் தொடங்கப்பட்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி எண்ணூரில். என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூரில். பொம்மை பலூனில் ஆரம்பித்து டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப். இங்கேதான். 1965இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான கம்பெனி, அடுத்து உர ஆலை. 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம். அது 2017இல் மூடப்பட்டது. ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரே ஊர்ப்பெயராகி விம்கோ நகர் ஆனது. 2021இல் மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயரும் ஆயிற்று. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் தூங்கிய தெருக்கள் இவை. காலம் என்பதே இங்கே கம்பெனிச் சொத்தாக இருந்தது.

ஆனால் தொழில் வரலாறு என்றால் முதலாளிகள் வந்த வரிசை என்று எழுதிப் பழகிவிட்டோம். உழைப்புக்கும் உழைப்புத் தகராறுக்கும் இங்கே அதைவிட நீண்ட வயசு உண்டு. திருவொற்றியூர்க் கோயில் கல்வெட்டுகளை இலக்கண மண்டபத்துக்காகவும் சோழர் கொடைக்காகவும் படிக்கிறோம். அதே கோயிலில், பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர் காலத்தில், பதியிலார், இஷபத்தளியிலார், தேவரடியார் என்ற பணிப்பெண் பிரிவினரிடையே யார் எந்த வேலையைச் செய்வது என்று எழுந்த தகராறும் கல்லில் பதிவாகியிருக்கிறது. வேலைப் பிரிவினை பற்றிய சச்சரவு இந்த மண்ணுக்குக் கம்பெனிகள் கொண்டுவந்த புதுமை இல்லை.

சேக்கிழாரிடம் இன்னும் கூர்மையான சாட்சியம் கிடைக்கிறது. கலிய நாயனார் திருவொற்றியூர் வாணியர், எண்ணெய் வணிகர். கோயிலில் விளக்கெரிப்பது அவர் தொண்டு. செல்வம் கரைகிறது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி எடுக்கிறார். பிறகு அவர்களும் கொடுப்பதில்லை. செக்கில் கூலியாளாக ஓட்டுகிறார். கூலிக்கு ஆள் பெருகுகிறது. அந்த வேலையும் போகிறது. வீட்டை விற்கிறார். மனைவியை விற்கப் பார்க்கிறார், வாங்க ஆளில்லை. கடைசியில் எண்ணெய்க்குப் பதில் தன் இரத்தத்தையே ஊற்றுவதற்குக் கழுத்தை அறுக்கத் துணிகிறார். இறைவன் கையைப் பிடிக்கிறான்.

பக்திப் பிரதி இதை அன்பின் உச்சமாகச் சொல்கிறது. நாம் வேறு விதமாகவும் வாசிக்கலாம். சிறு வணிகன் கூலியாகி, கூலிகள் மிகுந்து, வேலையற்றவனாகி, விற்பதற்கு உடம்பு மட்டும் மிஞ்சும் கதை, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரை வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது. விற்கப்படவிருந்த அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பது புராணத்தில் கேட்கவில்லை. இங்குள்ள ஆலைகளின் வரலாற்றிலும் பெண் குரல் அவ்வளவாகக் கேட்பதில்லை.

4

இனி நம் பக்கத்துக் கொண்டாட்டத்தைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கட்டடங்கள் என்றால் நமக்குப் போராட்டங்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்கிறோம். பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுத்தவர்கள். திரு.வி.க. மேடை மேடையாகப் பேசினார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் முறை. மீனவச் சமூகத்தில் 1860இல் பிறந்தவர், 1925இல் கான்பூர் கம்யூனிஸ்டு மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். பெருமைப்பட நிறைய இருக்கிறது.

1921ஐ என்ன செய்வது? பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை, வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சாதி இந்துக்கள், முஸ்லிம்கள் ஒரு பக்கமாகவும் ஆதிதிராவிடர்கள் மறுபக்கமாகவும் மோதினார்கள். போலீஸ் சுட்டது. மக்கள் செத்தார்கள். நீதிக்கட்சி அமைச்சரவை இருந்த காலம் அது. எம்.சி. ராஜா நீதிக்கட்சியிடமிருந்து விலகிப்போனதற்கு இந்தக் கலவரத்தில் கட்சி எடுத்த நிலைப்பாடு ஒரு முக்கியக் காரணம்.

நம் தொழிற்சங்க வரலாறுகள் இந்த இடத்தில் வேகமாக நடந்து போய்விடும். ‘வெள்ளை நிர்வாகம் தொழிலாளர்களைப் பிரித்தாண்டது’ என்ற ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். பிரித்தாண்டான், சரி. பிரிப்பதற்குப் பிளவு ஏற்கெனவே இருந்ததே, அதை யார் வைத்தது? சங்கத்தின் மேடையில் ஆதிதிராவிடத் தொழிலாளிக்கு என்ன இடம் இருந்தது? கலவரத்துக்கு அப்புறம் ‘சகோதரர்களே’ என்று கூப்பிட்டால் போதுமா? ஊரில் நிலமும் இல்லை, கையிருப்பும் இல்லை, கடன் கொடுக்க ஆளும் இல்லை என்றிருந்தவன் ஆறு மாதம் வேலைநிறுத்தத்தை எதைத் தின்று தாங்குவான்? கல்கத்தா சணல் ஆலைத் தொழிலாளர் பற்றி 1989இல் தீபேஷ் சக்கரவர்த்தி எழுதிய நூல் இதே சங்கடத்தைத்தான் எடுத்துப் பேசியது. ஆலைக்குள் நுழைந்த மனிதன் சாதியையும் மதத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு ‘வர்க்கம்’ ஆகிவிடுவதில்லை. 1921ஐத் துரோகம் என்று வாசித்தால் ஒரு சமூகத்தையே கருங்காலி ஆக்குவோம். வெறும் சூழ்ச்சி என்று வாசித்தால் நம்மை நாமே மன்னித்துக்கொள்வோம். இரண்டும் இல்லாத மூன்றாவது வாசிப்பு ஒன்று நமக்கு வேண்டும். அது இல்லாமல் 1918ஐ மட்டும் கொண்டாடுவது, ரயில் நிலையத்தின் தூண்களை மட்டும் பார்ப்பது மாதிரிதான்.

அந்த ஆலைகள் 1996இல் மூடப்பட்டன. அந்த நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள். சுட்டுக் கொல்லப்பட்டவர்கள், குடிசை எரிந்தவர்கள் இரு தரப்புக்கும் அங்கே சுவடு இல்லை.

5

பண்பாட்டுக்கு வருவோம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வகையில் வடசென்னைத் தமிழ் ‘கொச்சை’. தேர்வில் எழுதினால் மதிப்பெண் போகும். பேஜார், கலீஜ், நாஷ்டா என்ற சொற்கள் பாரசீக, உருதுப் புழக்கத்திலிருந்து வந்தவை. துட்டு டச்சுக்காரனின் காசு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் ஒன்று வந்து துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது. கப்பல் போய்விட்டது, ‘எம்டன்’ என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. ஒரு துறைமுகம் எப்படிப் பேசுமோ அப்படிப் பேசுகிற தமிழ் இது. தெலுங்குக்காரர், உருது பேசுபவர், ஆங்கிலோ இந்தியர், 1910இல் ராயபுரத்தில் தீக்கோயில் கட்டிய பார்சிகள், வடஆர்க்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசியாக வேண்டிய கட்டாயத்தில் உண்டான மொழி. தூய்மை பேசியவர்கள் இதைக் கறை என்றார்கள். உண்மையில் இது ஒரு வரலாற்று ஆவணம். கல்வெட்டைப் படிப்பதற்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுத்திருந்தால் நம் தமிழ்த்துறைகளுக்கு வேறு முகம் கிடைத்திருக்கும்.

கானா சாவு வீட்டில் பாடப்பட்டது. இரவு முழுக்கப் பிணத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக, செத்தவன் எப்படி வாழ்ந்தான் என்று சொல்லும் பாட்டு. பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வராதவர்களுக்கு அதுதான் வாழ்க்கை வரலாறு. குத்துச்சண்டைப் பரம்பரைகளும் கேரமும் கால்பந்தும் அப்படித்தான்; பெயர் இல்லாதவர்கள் பெயர் எடுக்கும் வெளிகள்.

இருபது வருஷமாக இவையும் கொண்டாடப்படுகின்றன. ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) படங்கள் வந்தன. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ நாவல் வந்தது. ரவுடி, கத்தி, குப்பம் என்று மட்டும் காட்டிய தமிழ் சினிமாவுக்குப் பதில் சொன்ன படைப்புகள் இவற்றில் உண்டு. அந்த இடையீடு சாதாரணமானதல்ல. ஆனாலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. சந்தைக்கு வடசென்னை இப்போது ஒரு ‘சுவை’. கானா வேண்டும், சாவு வேண்டாம். பாஷை வேண்டும், பேசுகிறவன் வேண்டாம். குடிசை மாற்று என்று சொல்லி இதே ஆட்களை நகரத்துக்கு வெளியே அனுப்பிக்கொண்டே அவர்கள் பாட்டை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ள முடிகிறது. நாமும், எழுதுகிறவர்களும், இதில் பங்காளிகள். விளிம்புநிலை என்ற சொல்லை எழுதி எழுதி விளிம்பையே ஓர் அலங்காரக் கரை போட்ட துணியாக ஆக்கிவிட்டோமோ என்று சில நேரம் எனக்குச் சந்தேகம் வருகிறது.

6

எண்ணூர். ஒரு காலத்தில் கம்பெனித் துரைகள் ஓய்வெடுக்க வந்த ஊர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் கழிமுகம். இறாலும் நண்டும் விளைந்த உப்பங்கழி. இங்கேதான் மேலே சொன்ன தொழில் பட்டியலின் மறுபக்கம் வந்து சேர்கிறது. அனல் மின்நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து ஆற்றில் படிந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. அதன் சுவர்கள் வடக்கே காட்டுப்பள்ளிப் பக்கம் அதே பழைய மணல் கணக்கைத் திரும்ப எழுதின. ராயபுரம் நூறு வருஷத்துக்கு முன் கற்ற பாடத்தை யாரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தார்கள். யார் கரை போகும் என்று தெரிந்தேதான் கட்டினார்கள்.

2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. பெரிதாக ஒன்றும் இல்லை என்று முதலில் சொன்னார்கள். பிறகு எர்ணாவூர்ப் பாறைகளில் கருப்பாக ஒதுங்கியதை மீனவர்களும் மாணவர்களும் கூலியாட்களும் வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்கு வந்தது. அந்தக் கால்வாயின் வடபகுதி 1806 வாக்கில் எண்ணூர் வரை வெட்டப்பட்டது. 1877–78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கூலிக்கு வைத்து நகரத்துக்குள் வெட்டித் தெற்குக் கால்வாயோடு இணைத்தார்கள். படகும் வலையும் வீட்டுச் சுவரும் எண்ணெயாயின. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள்.

இன்னொரு செய்தி. 1996இல் ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்க வேண்டிய நீர்ப்பரப்பு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது அதிகாரிகள் கொடுத்த வேறொரு வரைபடத்தில் கழிமுகமே இல்லை என்று 2017இல் ஆர்வலர்கள் அம்பலப்படுத்தினார்கள். ஆறு தரையில் ஓடுகிறது, காகிதத்தில் இல்லை. அதிகாரம் பிரதியை முதலில் திருத்தும். நிலத்தைப் பிறகு திருத்தும்.

வருவாய்த் துறைச் சொல்லில் ஆறு, குளம், கடற்கரை, மேய்ச்சல் எல்லாம் ‘புறம்போக்கு’. தீர்வை வராத நிலம், அதாவது எல்லாருக்கும் பொதுவான நிலம். தெருவில் அது ‘பொறம்போக்கு’ என்ற வசைச்சொல் ஆயிற்று. வரி கட்டாதது உதவாதது என்ற கணக்கு நிலத்திலிருந்து மனிதனுக்குத் தாவியது. 2017இல் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று, கபேர் வாசுகி எழுதிய பொறம்போக்குப் பாடலைப் பாடினார். வசையைத் திருப்பி எடுத்துக்கொண்ட செயல் அது. திருவொற்றியூர் தேவாரத்தாலும் கீர்த்தனங்களாலும் பாடப்பட்ட ஊர். பக்கத்திலேயே இருந்த கழிமுகத்துக்குச் சபாவின் பாஷையில் ஒரு பாட்டு வர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

7

அப்படியானால் கொண்டாடவே கூடாதா? கூடும். கொண்டாட்டத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு நாம் ஒப்பாரியை மட்டும் வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. இந்த மக்கள் சிரிக்கத் தெரிந்தவர்கள். சாவு வீட்டிலேயே சிரிக்கத் தெரிந்தவர்கள்.

ஆனால் கணக்கோடு கொண்டாட வேண்டும். ராயபுரம் நிலையத்தைக் காப்பாற்றுவோம்; அதன் சுவரில் மூட்டை தூக்கியவர்களின் கூலி விவரத்தையும் எழுதி வைப்போம். மே தினத்தைக் கொண்டாடுவோம்; புளியந்தோப்பையும் அதே மேடையில் பேசுவோம். மெரினாவில் நடக்கும்போது காலடியில் இருப்பது யாருடைய மணல் என்று குழந்தைகளுக்குச் சொல்வோம். ஜனவரி 28ஐயும் டிசம்பர் 26ஐயும் நாட்காட்டியில் குறிப்போம். ஆகஸ்ட் 22க்கு விழா எடுப்பவர்கள் அந்த நாட்களிலும் எண்ணூருக்கு வரட்டும்.

அந்தப் பெரியவரை மறுபடி ஒரு நாள் பார்த்தேன். எழுதுகிறேன் என்று சொன்னேன். “எய்து. ஆனா திருப்பிக் குடுப்பானா?” என்றார். அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நம் எல்லோரிடமும் சேர்த்து இருந்தாக வேண்டும்.